வில்லின் சத்தம்

8 செப்டெம்பர் 2012, சனி

காலையில் மழை. பிறகு குளிர்காற்று. உடுப்புக் காயப்போட வழியில்லை. கராஜில் நின்று அம்புப் பயிற்சி.

வேட்டைக்கு இன்னும் மூன்று கிழமை. என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஷெரில், தன் தமையனின் பண்ணைக்குக் கூட்டிப்போகிறாள். மான்கள் வேலி தாண்டி வந்து மாட்டுப் புல்லை முடிக்கின்றனவாம். போன கிழமை என் வில்லின் சத்தத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். இந்தச் சத்தத்துக்கு, அம்பு போய்ச் சேருமுன்பே மான் திடுக்கிட்டு உடம்பைத் தாழ்த்திவிடும்; நெஞ்சில் பட வேண்டியது முதுகில் படும்; காயத்தோடு ஓடிப்போய் எங்காவது கிடந்து சாகும் என்றாள். அது வேண்டாம்.

மத்தியானம் சாப்பிடும்போது இவர் இன்னொன்று சொன்னார். நான் நாணை விடும் ஒவ்வொரு தடவையும் தம்பி குகன் குசினியில் சமைப்பதை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோடு போய் நிற்கிறானாம். "உமக்குத் தெரியாதே?" என்றார். தெரியாது. படகில் இந்த நாட்டுக்கு வந்து, அகதி முகாமிலிருந்து விடுபட்டு, எங்களோடு அவன் இருக்கத் தொடங்கி நாலு மாதம். ஒரு நாளும் சொல்லவில்லை.

மானுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே வேலை: வில்லின் சத்தத்தை அடக்குவது.

9 செப்டெம்பர், ஞாயிறு

வெயில். கடைசியில் உடுப்பு காய்ந்தது.

வில்லை மேசையில் கிடத்தி ஒவ்வொரு பாகமாகப் பார்த்தேன். நாணை மெல்லச் சுண்டுவது, ஒரு பாகத்தை விரலால் அழுத்துவது. எதை அழுத்தும்போது கிணுகிணுப்பு நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. குறிபார்க்கும் கம்பியில் ஒரு திருகாணி தளர்ந்து கிடந்தது. அம்புக்கூட்டிலும் ஒன்று. அம்பு கிடக்கும் கொக்கியில் பழைய போர்வையிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டினேன். இழுக்கும்போது வந்த கீச்சல் போய்விட்டது.

நாண் சத்தம் மட்டும் அப்படியே. விட்டபின் உள்ளங்கையில் ஒரு நடுக்கமும்.

12 செப்டெம்பர், புதன்

நாண் சத்தத்தை அடக்க, அதில் கட்டும் ரப்பர் குஞ்சங்களை ஷெரில் தந்தாள். இடைவேளையில் மேசையில் வைத்திருந்தேன். தலைமுடிக்கா என்று ஒருத்தி கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பாரமான அம்பும் வாங்கச் சொன்னாள். இலேசான அம்பு வில்லின் விசை முழுவதையும் எடுத்துக்கொண்டு போகாதாம். மிச்சம் வில்லிலேயே நின்று நடுங்கிச் சத்தமாகிறது.

தம்பிக்கு இங்கிலீஷ் வகுப்பு. பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தே வந்திருக்கிறான்.

15 செப்டெம்பர், சனி

குஞ்சங்கள் கட்டியாயிற்று. வில்லின் முன்னால், நடுக்கத்தை வாங்கிக்கொள்ள, ரப்பர் தலை வைத்த சிறு கோல். புது அம்பு பாரத்தில் குறிக்குக் கீழே போய் விழுகிறது. குறிக்கம்பியை இறக்க வேண்டியிருந்தது.

முதல் அம்பு விட்டேன். நம்ப முடியவில்லை. தலையணையைத் தட்டியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். கையில் நடுக்கமே இல்லை. நாள் முழுக்கச் சந்தோசம். இறால் பொரித்தேன்.

16 செப்டெம்பர், ஞாயிறு

தம்பி கராஜ் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. டண்டினோங் பக்கம் எங்கள் ஊர்ப் பெடியள் வாடகைக்கு எடுத்திருக்கிற வீட்டில் ஓர் அறை காலியாம், போகப் போகிறானாம்.

வில்தான் காரணமோ என்று கேட்டேன். இப்போது சத்தமே இல்லையே என்றும் சொன்னேன்.

"அதுதான் அக்கா. முந்தி நாண் சத்தம் கேட்டால் நெஞ்சு திடுக்கிடும், பிறகு அக்காதான் எண்டு தெரியும். இப்ப அம்பு போய் விழுற சத்தம் மட்டும்தான் கேக்குது. எங்கயிருந்து வருது எண்டு தெரியேல்ல."

வில்லை விற்றுவிடுகிறேன் என்றேன். தலையாட்டி மறுத்தான். "எனக்காக விடாதேங்கோ."

அறையைப் பற்றி இன்னும் ஒரு கிழமை யோசி என்று கெஞ்சி நிறுத்தியிருக்கிறேன்.

17 செப்டெம்பர், திங்கள்

வேலையில் மனம் ஒன்றவில்லை. படுக்கை விரிப்பு மாற்றும்போதும் அதே யோசனை. ஒரு கிழமையாக நான் பாடுபட்டதெல்லாம், அம்பு வருவது வரும்வரை தெரியக்கூடாது என்பதற்காக. மானின் பக்கம் நின்று அதைக் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. தம்பி அந்தப் பக்கம் நின்றவன்.

22 செப்டெம்பர், சனி

காற்று. அயல்வீட்டு மரக்கிளை எங்கள் வேலிமேல்.

புது ஒழுங்கு, என் யோசனைதான். நாணை இழுக்குமுன் "விடுறன்" என்று கூப்பிடுவேன். குசினியிலிருந்து தம்பி "ஓம்" என்பான். அதற்குப் பிறகுதான் இழுப்பேன். முதலில் இழுத்துப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டதில் தோள் நடுங்கி அம்பு இலக்கை விட்டுச் சுவர்ப் பலகையில் போய் ஏறியது. இவருக்குச் சிரிப்பு.

பின்னேரம் எட்டிப் பார்த்தேன். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தான். "ஓம்" சொல்லும்போது கத்தி நிற்கவில்லை.

அறைக்காரருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டானாம். இவர்தான் சொன்னார்.

29 செப்டெம்பர், சனி. பண்ணையில்

குளிர், மூக்கு எரிகிறது. ஷெரிலும் நானும் மத்தியானத்திலிருந்து புதருக்குள். வெயில் சாய்ந்த நேரம் ஒரு பெண்மான் தனியே வந்தது. குட்டி இல்லை என்று ஷெரில் பார்த்துச் சொன்னாள்.

இழுத்தேன். இங்கே கூப்பிட்டுச் சொல்ல ஆளில்லை. விட்டேன்.

மான் திடுக்கிடவில்லை. தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தது. நாலைந்து அடி நடந்தது. மேய்வதுபோல் குனிந்து, அப்படியே சரிந்தது.

ஷெரில் என் தோளைத் தட்டினாள். நான் நாணின் குஞ்சங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தேன்.

1 ஒக்டோபர், திங்கள்

லீவு. தம்பிதான் இறைச்சி சமைத்தான். மிளகு தூக்கல். இவர் வேலைக்குப் போய்விட்டார், நாங்கள் இருவரும் மட்டும்.

மானுக்குச் சத்தம் கேட்டதோ என்று கேட்டான். இல்லை என்றேன். நோவு? அதிகம் தெரிந்திருக்காது என்றேன், நடந்து போய்ப் படுத்ததையும் சொன்னேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அப்ப அம்மாவுக்கும் கேட்டிருக்காது, என்னக்கா?"

அம்மா போய் மூன்று வருடம். ஊரில் கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்தபோது அம்மாவின் பக்கத்தில் இருந்தவன் அவன் மட்டும். இங்கே வந்த நாளிலிருந்து அதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை.

கேட்டிருக்காது என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

தம்பி கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்டைக்குக் காலம அம்மா கஞ்சிக்கு வரிசையில நிண்டவ" என்று தொடங்கினான். கை கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.