குப்பைக் குழிக்கு உங்கள் பெயர்

பாய்,

இதனால் செங்கல்பட்டு நகரவாசிகள் அனைவருக்கும் பணிவன்புடன் அறிவிக்கப்படுவது யாதெனில், ஸ்டேஷன் ரோடு பூங்காவின் பச்சை ரப்பர் குழாயில் இன்று காலை மேலும் ஓர் ஓட்டை விழுந்தது. உயிர்ச்சேதம் ஏதுமில்லை. என் பெல்பாட்டம் மட்டும் முழங்கால் வரை நனைந்து தன் கம்பீரத்தை இழந்தது.

ஓட்டையை அடைக்கச் சைக்கிள் ட்யூபைத் துண்டாக வெட்டிவிட்டு, பஞ்சர் சொல்யூஷன் டப்பாவைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். வாரம் முழுக்க உங்கள் மேல் பெயிண்ட் கடை வாடை அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழாய் ஒட்டிய இந்த வாடை.

உடனே நான் கண் கலங்கினேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட வேண்டாம். நான் இதை எழுதுவது பழி தீர்க்க. என் முறை வந்தபோது ஆட்டத்திலிருந்து எழுந்து போய்விட்டீர்களே, அதற்குப் பெயர் கள்ளாட்டம். செத்துப்போனால் விட்டுவிடுவேன் என்று யார் சொன்னது உங்களுக்கு?

யாரும் சீண்டாமல் முள் மண்டிக் கிடந்த பூங்காவில் ஞாயிறு காலை பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு களை பிடுங்க ஆரம்பித்தீர்கள். ரயில்வே கேங்மேன் ஏழுமலை அண்ணாத்த வந்தார். டைப்ரைட்டிங் கிளாஸ் அக்காக்கள் வந்தார்கள். நான் வரவில்லை, கொண்டுவரப்பட்டேன். பூங்கா பெஞ்சில் கோந்து தடவிய வழக்கில் என் அப்பாவே என் காதைப் பிடித்து உங்களிடம் ஒப்படைத்தார். சிரமதானம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தீர்கள். சிரமம் எங்களுக்கு, தானம் ஊருக்கு. ஞாயிற்றுக்கிழமையில்கூட மனுஷனைப் படுக்க விடாத பாய் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

போரை ஆரம்பித்தது நான்தான், மறுக்கவில்லை. குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "தண்ணி வரல பாய், உள்ள இன்னா அடைச்சிகினு கீதுன்னு பாருங்க" என்றேன். நீங்கள் கண்ணை வைத்துப் பார்த்தீர்கள். விட்டேன். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, "நல்லா வருதே நைனா" என்று மட்டும் சொன்னீர்கள். கோபப்பட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நீங்கள் சிரித்தீர்கள்.

அந்தப் பூங்காவில் நீங்கள் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பாத்திக்கும் ஓர் ஆள். பாத்தியின் தலைமாட்டில் அவர் பெயர் எழுதிய தகரப் பலகை. "பேரு இருந்தாதான் கை வேல செய்யும்" என்பீர்கள். என் பாத்தி ரோட்டோரம், ரயிலுக்குப் போகிற வருகிற ஊரே பார்க்கும் இடம். 'பொறுப்பு: வே. செல்வம்' என்று நீல எழுத்தில் பளிச்சென்று எழுதிக் கொடுத்தீர்கள். நெஞ்சு ஒரு சுற்று பெருத்துப்போனேன்.

எல்லாரும் கொளவாய் ஏரி வற்றட்டும், வண்டல் அள்ளலாம் என்று காத்திருந்தார்கள். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. என் மாமா மகாபலிபுரம் பக்கத்திலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிவரும் லாரி ஓட்டுகிறவர். அங்கே உப்பங்கழி ஓரத்தில் கரேலென்று வெண்ணெய் மாதிரி மண் கிடந்தது. மூட்டை மூட்டையாக அள்ளி வந்தேன். எங்கே எடுத்தது என்று அண்ணாத்த கேட்டதற்கு, "ஏரி வண்டல், நமக்கு ஆள் கீது" என்று அளந்தேன். சாமந்தி நாற்று நட்டேன். மூன்றாம் நாள் இலை ஓரம் கருகியது. அடுத்த ஞாயிறு அத்தனையும் சருகு.

நீங்கள் வந்து குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தீர்கள். துப்பினீர்கள்.

"உப்பு கரெக்டா கீது. புளி கொஞ்சம் பத்தல."

டைப்ரைட்டிங் அக்காக்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதைக்கூட மன்னிப்பேன். பலகையைக் கழற்றிவிடச் சொல்லிக் கெஞ்சினேனே, அப்போது சொன்னீர்களே, அதை எப்படி மன்னிப்பது?

"செடி வர்ற வரிக்கும் பேரு இருக்கும் நைனா. வந்தப்புறம் வேணும்னா எடுத்துக்கலாம்."

கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வரும் என் வகுப்புப் பசங்கள் தினமும் அந்த வழியாகத்தான் போனார்கள். செத்த பாத்தி, மேலே என் பெயர். "மச்சான், உன் பேரப் பாத்தாலே செடி செத்துடுதாமே." "டேய், எங்க வூட்டாண்ட வந்துடாத, மாமரம் கீது." வெயில் காலம் முழுக்க இதே நாஸ்தா எனக்கு. ஞாயிறு தவறாமல் நீங்கள் வேறு பக்கத்தில் நின்றுகொண்டு, "ஊத்து. உப்பு கீழ எறங்குற வரிக்கும் ஊத்து. குழி எருவப் போட்டுக் கொத்து" என்று வேலை வாங்கினீர்கள். என் கை கொப்புளம் போட்டது. உங்களுக்கு ஏதாவது செய்தே தீருவேன் என்று அந்தக் கொப்புளத்தின் மேல் சத்தியம் செய்தேன்.

யோசித்து யோசித்து அதே ஆயுதத்தை எடுத்தேன். பெயர்ப் பலகை. பூங்காவின் பின்மூலையில் சருகும் சாணமும் கொட்டும் குழி இருக்கிறதே, அந்தக் குழிக்கு உங்கள் பெயர். பெயிண்டை உங்கள் கடையிலேயே வாங்கினேன்.

"இன்னாத்துக்கு நைனா?"

"ஸ்கூல் வேல பாய்."

ஒரு பழைய பிரஷையும் சும்மா எடுத்துக் கொடுத்தீர்கள். "முடி கொட்டும், பாத்து அடி" என்றீர்கள். எதிரிக்கு ஆயுதம் கொடுத்த ஒரே ஆள் நீங்கள்தான். உள்ளுக்குள் எவ்வளவு சிரித்தேன் தெரியுமா?

'குப்பைக் குழி. பொறுப்பு: பாய்.' சனிக்கிழமை சாயங்காலம் குழி ஓரத்தில் நட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஊரே கூடும்போது உங்கள் முகம் எப்படி மாறும் என்று கண்ணாடி முன் நின்று நடித்துக்கூடப் பார்த்தேன்.

ஞாயிறு காலை எல்லாரும் வந்தார்கள். நீங்கள் வரவில்லை. ஏழுமலை அண்ணாத்த கேட்டோரம் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து நின்றார். "பாய் பூட்டாரு. விடியகாலைல நெஞ்சு வலின்னு ஒக்காந்தாராம்." மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கால் சேற்றோடு உங்கள் வீட்டுக்கு நடந்தோம். பள்ளிவாசல் பின்னாலிருக்கும் அடக்க இடத்தில் மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டேன். நல்ல மண். வழக்கம்போல் முகர்ந்து பார்த்தேன். அந்தப் பழக்கமும் நீங்கள் வைத்த வினைதான்.

திரும்பி வந்தபோதுதான் பலகை ஞாபகம் வந்தது. ஓடினேன். அதற்குள் அக்காக்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். அண்ணாத்த பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் பேரு எழுதிக் குட்த்தாரு. தனக்கு ஒன்னு எழுதிக்கல. பாதி நேரம் இந்தக் குழியாண்டதான நின்னுகினு இருப்பாரு. எவனோ நல்ல மனசுக்காரன் வெச்சிக்கீறான்."

ஒரு அக்கா சாமந்திப் பூ ஒன்றைப் பலகை மேல் செருகினாள். அண்ணாத்த திரும்பி என் விரல் இடுக்கிலிருந்த வெள்ளைப் பெயிண்டைப் பார்த்தார். என் தோளில் கை வைத்தார். "நீயாடா?" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

பார்த்தீர்களா உங்கள் வேலையை? உலகத்திலேயே மிகச் சிறந்த பழிவாங்கலை யோசித்து, உங்கள் பெயிண்டில் எழுதி, உங்கள் பிரஷால் முடித்தால், அதை எனக்கு நற்பெயராக மாற்றிவிட்டுப் போய்விட்டீர்கள். இப்போது என்னைப் பார்த்தால் ஊரில் பெரியவர்கள் சிரிக்கிறார்கள், நல்ல விதமாக. இதைவிடப் பேஜாரு உண்டா? இதற்காகவே உங்கள் பலகையைப் பிடுங்கி எறியப் போகிறேன். எறிந்தே தீருவேன்.

ஆனால் போன மழையில் எழுத்து மங்கிவிட்டது. மங்கியதைப் பிடுங்கினால் வீரம் என்ன இருக்கிறது? அதனால் அந்த மொட்டைப் பிரஷால் மேலே ஒரு கோட் அடித்து வைத்திருக்கிறேன். நன்றாகத் தெரிந்த பிறகு பிடுங்குவேன்.

இன்னொன்று. என் பாத்தியில் சாமந்தி வந்துவிட்டது. உப்பு இறங்கிவிட்டது போலும். பலகையின் கழுத்து வரை மஞ்சள். உங்கள் வாக்குப்படி பேரை எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணாத்த இன்று காலை குறடோடு வந்தார். ஆணி துருப்பிடித்து உள்ளே இறுகிவிட்டது, வராது அண்ணாத்த என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

துரு ஒன்றும் இல்லை பாய். ஆணி புதுசு. போன வாரம் நானே அடித்தது.