ஒன்பதாம் கேள்வி

சென்னை,
4-2-1981

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணாயிரம் வணக்கத்துடன் எழுதுவது. அத்தான் போனதிலிருந்து வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடக்கிறீர்களாமே. உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். எங்கள் வங்கிக் கிளைகளுக்குச் சாதாரண வாடிக்கையாளர்போல் ஆள் அனுப்பி, ஊழியர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்கிறோம். நெல்லிவாசல் பக்கம் மலைமேல் இருக்கும் கிளைக்கு நீங்கள் போய் வர வேண்டும். கேள்வித்தாள் இணைத்திருக்கிறேன். பன்னிரண்டு கேள்விகள். ஆம், இல்லை போதும். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

தம்பி,
கண்ணாயிரம்

திருப்பத்தூர்,
14-2-1981

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

நேற்று சந்தை நாள். ஜீப்பில் பதினான்கு பேர், இரண்டு கோழிகள். என் வெள்ளைப் புடவை பட்ட பாட்டை எழுதப் போவதில்லை.

கவுண்டரில் ஆள் இல்லை. கடிகாரம் இருபது நிமிஷம் பின்தங்கியிருந்தது. குமாஸ்தா அருணகிரி வெளியே புளியமரத்தடியில் பேரேட்டை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கைநாட்டு வைக்க வந்த மலைக்காரப் பெண்கள்.

"இன்னா ஆயா, போன வாரம் வெச்ச வெரலு இது இல்லியே, மாத்திட்டியா?"

"வெரலு அதேதான். நீதான் கண்ண மாத்திக்கினே!"

ஒரே சிரிப்பு. வங்கியா, கூத்து மேடையா? நான் படித்த கான்வென்டில் நூலகப் புத்தகத்தை வராந்தாவரைகூடக் கொண்டுபோக சிஸ்டர் விட்டதில்லை. ஒன்பதாம் கேள்வி, 'பேரேடு கிளையைவிட்டு வெளியே வந்ததா?' ஆம் என்று எழுதி, அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.

வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அக்கா,
மாணிக்கம்மாள்

சென்னை,
9-3-1981

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் அறிக்கையை மேலிடத்தில் மெச்சினார்கள். என் பதவி உயர்வுக்கும் உதவும்போல் தெரிகிறது. அருணகிரியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஏப்ரல் ஆறாம் தேதி விசாரணை, வேலை போய்விடும். அடுத்தது சந்தவாசல் கிளை. எப்போது போகிறீர்கள்?

கண்ணாயிரம்

திருப்பத்தூர்,
17-3-1981

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த பிறகு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மடித்த துணியையே திரும்ப மடித்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி மலைக்குப் போனேன்.

புதுக் குமாஸ்தா கவுண்டரில் இருக்கிறார். கடிகாரம் சரியாக ஓடுகிறது. வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. பெண்கள் மரத்தடியில் வங்கிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பச்சையம்மா என்பவளிடம், ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன்.

"பயமா கீதுங்க. அருணகிரி சாருக்கு மின்ன இருந்தவரு, தரையெல்லாம் சேறுன்னு எங்கள வெரட்டினாரு. அப்பால நாங்க படியே ஏறல. அருணகிரி சாருதான் பொஸ்தகத்த எடுத்துக்கினு எங்க கிட்ட வந்தாரு."

"அவர் ஏன் போனார்?"

"யாரோ கண்ணாடி போட்ட கெழவி வந்து எழுதிக் குடுத்துட்டாளாம். நல்லா இருப்பாளா அவ? நீங்க இன்னாத்துக்கு வெயில்ல நிக்கிறீங்க, இப்பிடி குந்துங்கம்மா."

நகர்ந்து இடம் கொடுத்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அறுபத்தாறு வயதில் முதல்முறையாக என் முகத்தை நான் ஒளித்தேன், கண்ணாயிரம்.

உன் தாளில் 'ஏன்' என்று எழுத இடமில்லை. நானும் தேடவில்லை. அறிக்கையைத் திரும்ப வாங்கு. புதிதாக எழுதித் தருகிறேன்.

மாணிக்கம்மாள்

சென்னை,
23-3-1981

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுத்த அறிக்கையைத் திரும்பப் பெற வழியில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்களை இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. நீங்கள் என் அக்கா என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அறிக்கை செல்லாது, என் உத்தியோகத்துக்கும் ஆபத்து. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டியவன் நான். தயவுசெய்து சும்மா இருங்கள்.

கண்ணாயிரம்

திருப்பத்தூர்,
28-3-1981

அன்புத் தம்பிக்கு,

சும்மா இருக்கச் சொன்னாய். மூன்று நாள் இருந்துபார்த்தேன். விதி மீறினார் என்று ஒரு மனிதரைப் பிடித்துக்கொடுத்தவள், விதி மீறி அனுப்பப்பட்டவள். அதற்கு மேல் இருக்க முடியவில்லை.

உங்கள் வங்கித் தலைவருக்கு இன்று காலை பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டேன். 'நான் கண்ணாயிரத்தின் உடன்பிறந்த அக்கா' என்பதுதான் முதல் வரி. உனக்குத் தெரியாமல் எதுவும் செய்ததாக இருக்க வேண்டாம் என்று நகல் இணைத்திருக்கிறேன்.

அம்மா போன பிறகு உனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் நான். உன் கோபம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அது நியாயம்தான். பதில் எழுத மனம் வரும்வரை எழுதாதே.

வருகிற வெள்ளிக்கிழமை மலைக்குப் போகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு. எனக்கு இடம் கொடுத்த பச்சையம்மாவிடம், அந்தக் கிழவி யார் என்று சொல்ல வேண்டும்.

உன் அக்கா,
மாணிக்கம்மாள்