மூன்று சதவீதச் சிக்கனம்

மார்ச் 3
மாநிலத்தின் மின் நுகர்வு போன வருடம் மூன்று சதவீதம் குறைவு. இந்த அலுவலகத்தில் பதினோரு வருடமாகப் புள்ளிவிவரம் பார்க்கிறேன், நுகர்வு இறங்கி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இயக்குநர் இனிப்பு வாங்கி வர ஆள் அனுப்பிவிட்டார்.

மார்ச் 5
பிரித்துப் பார்த்தேன். வீடுகளில் ஏறித்தான் இருக்கிறது. ஏசி, புதுக் குடியிருப்புகள், சுட்டுப் பொசுக்கிய கோடை. அரசு இலவசமாகக் கொடுத்த சிக்கன பல்பு மிச்சம் பிடித்ததை இரண்டாவது ஃப்ரிட்ஜ் விழுங்கிவிட்டது. கடைகளிலும் ஏற்றம். இறங்கியது ஒரே இடத்தில்: மூடிப்போன அலுமினிய ஆலை. இருபது லட்சம் வீடுகளுக்கான மின்சாரத்தை அது ஒன்றே தின்றுகொண்டிருந்தது. அண்ணன் இருபது வருடம் உலையடியில் வெந்த ஆலை.

மார்ச் 6
"சார், ஆலை மூடினதாலதான் குறைஞ்சிருக்கு."

"அமைச்சர் வீடு வீடா பல்பு குடுத்திருக்கார். ஆலையைப் பத்தி உங்களை யாரும்மா கேட்டா?" என்றார் இயக்குநர்.

ஆண்டறிக்கையின் முன்னுரையில் 'மக்களின் சிக்கன உணர்வால்' என்று எழுதவேண்டுமாம். ஆலை அட்டவணையை எடுத்துவிட வேண்டுமாம்.

எழுதினேன். எடுத்தும்விட்டேன். ச்சீ, நானெல்லாம் ஒரு மனுஷி!

மார்ச் 19
ஆலை இருந்த ஊருக்குச் 'சிக்கனத்தில் முதலிடம்' என்று கேடயம்! அண்ணன் ஃபோன் செய்தான்.

"எங்க ஊருக்குக் கேடயமாமே? அறுநூறு பேர் வேலையில்லாம வீட்ல உக்காந்து சிக்கனம் பண்றோம்ல?"

சிரித்தான். பிறகு சொன்னான்: வேலை போனவர்களின் நிவாரண மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆலை மூடியதாக அரசின் மின் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லையாம். இருபத்தெட்டாம் தேதி மறுவிசாரணை. அதிலும் தோற்றால் அவ்வளவுதான்.

"அந்த அறிக்கையை எந்தப் புண்ணியவான் எழுதினான்? உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

மார்ச் 20
தெரியாதாம்! எப்படி வாய் வந்தது எனக்கு?

மார்ச் 24
பக்கத்து மேஜைக்காரி ஆறுதல் சொன்னாள். "எல்லாரும்தான் எழுதறோம், நீ மட்டும் ஏன் மண்டையை உடைச்சுக்கற?" பிறகு, வீட்டில் மூன்றாவது ஏசி மாட்டிய கதை அரைமணி நேரம். சிக்கனமாம், சிக்கனம்! மூஞ்சியைப் பார்.

மார்ச் 28
விசாரணைக்குப் போனேன். எடுத்துவிட்ட அட்டவணையைக் கொடுத்தேன்.

"அப்ப இந்த முன்னுரை?" என்றார் விசாரணை அதிகாரி.

"அதுவும் நான் எழுதினதுதான் சார். பொய்."

மூன்றாவது வரிசையில் அண்ணன். வெளியே வந்ததும் கேட்டான்: "என்கிட்டயே தெரியாதுன்னு சொன்னியே?" பதிலுக்குக்கூட நிற்கவில்லை.

ஏப்ரல் 11
எனக்கு மாற்றல் உத்தரவு. கழற்றிய மீட்டர்களைக் குவித்து வைக்கும் கிடங்கு. இயக்குநருக்குப் பதவி உயர்வு. வயிறு எரிகிறது.

மே 2
மனு ஏற்கப்பட்டது, அறுநூறு பேருக்கும் நிவாரணம். அண்ணிதான் ஃபோன் செய்தாள்.

"உங்கண்ணன் உன்கிட்ட சொல்லச் சொன்னாரு."

"பக்கத்துல இருக்கானா அண்ணி?"

"இருக்காரு. இரு, தர்றேன்."

காத்திருந்தேன். அங்கே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"வெளிய போயிட்டாரும்மா" என்றாள் அண்ணி.