வேட்டியில் வடித்த டீசல்

சாத்தான்குளம்,
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வி எழுதுகிறேன். எனக்கும் பிள்ளைக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மற்றபடி நலம் என்று எழுதக் கை வரவில்லை, எழுதவில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை ஐஸ்வர்யாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். அவளிடம் அவ்வளவு நேரம் பேசுகிறீர்கள். அவள் போனை என் கையில் தந்ததும் சிக்னல் இல்லை என்று கட் பண்ணிவிடுகிறீர்கள். குஜராத்து சிக்னலுக்குக் கூட என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. தனராஜ் அண்ணன் லீவு முடிந்து உங்கள் உப்பளத்துக்கே திரும்புகிறார் என்று கேள்விப்பட்டதும் பேனாவை எடுத்துவிட்டேன். பேப்பரைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். கிழிக்கிறதுக்கு முன்னால் முழுக்கப் படித்துவிடுங்கள்.

இங்கே மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டுப் போகிறது. கருத்த ஆடு குட்டி போட்டிருக்கிறது. ஐஸ்வர்யா பரீட்சையில் கணக்கைக் கோட்டை விட்டுவிட்டாள், கேட்டால் அப்பா இருந்தால் சொல்லித் தந்திருப்பார் என்கிறாள். நீங்கள் என்றைக்கு அவளுக்குக் கணக்குச் சொல்லித் தந்தீர்கள்? ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பிலோமி அக்காள் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். செபாஸ்டின் அண்ணாச்சியும் கூட வந்திருக்கிறார், ஆனால் தெருமுனை டீக்கடையைத் தாண்டி வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சம் நஞ்சமில்லை. உங்களைத் திருடன் என்று கடற்கரை முழுக்கப் பேர் கட்டி அனுப்பின டிராக்டர்காரர் பெண்டாட்டி, கையில் சீலா மீனோடு என் வாசலில் வந்து நிற்கிறார்கள். வாங்க என்று கூட நான் சொல்லவில்லை. அவர்களாகவே வாசற்படியில் உட்கார்ந்து, 'ஏளா செல்வி, மொதல்ல ஒரு செம்பு தண்ணி தா, பொறவு என்னை எவ்வளவு வேணும்னாலும் ஏசு' என்றார்கள்.

அதுவரை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். குலசை தசராவுக்கு மாலை போட்டு நீங்கள் லீவில் வந்தீர்கள். உங்களுக்குப் பதிலாக முத்தையாபுரத்து டிரைவர் ஒருத்தர் டிராக்டரால் வள்ளங்களைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். கரைக்கார ரெக்சனின் வள்ளத்தை வடம் கட்டி இழுக்கும்போது, முன் சக்கரம் முங்கும் ஆழத்தில், டிராக்டர் செத்துப்போய் நின்றுவிட்டது. அடுத்த அலையில் வள்ளம் குறுக்கே திரும்பி டிராக்டர் மேலேயே மோதிப் பிளந்தது. இடையில் மாட்டிய ரெக்சனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. டாங்கியைத் திறந்து பார்த்தால் டீசலோடு தண்ணீர். ஷெட்டைக் குடைந்தால் சாக்குக்கு அடியில் நீங்கள் வைத்திருந்த கேன், பாதிக்கு மேல் டீசல். டீசலைத் திருடி விற்றுவிட்டுத் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நீங்கள் முத்தாரம்மனுக்கு வேஷம் கட்டி நேர்ச்சை முடித்து, அந்தப் போலீஸ் வேஷத்துக் காக்கிச் சட்டையோடே கரைக்கு ஓடினீர்கள். போலீஸ் வேஷம் போட்ட மனுஷனைத் திருடன் என்று சொல்லித் துரத்திவிட்டார்கள்.

நீங்கள் போன பிறகும் டிராக்டர் திக்கித் திக்கி நின்றிருக்கிறது. இந்தத் தடவை நல்ல வேளையாக மணலில். புதுக்கோட்டையிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு வந்திருக்கிறார்கள். அவர் பில்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இதிலும் தண்ணீர் கிடக்கிறது என்றிருக்கிறார். செபாஸ்டின் அண்ணாச்சி உடனே முத்தையாபுரத்துக்காரர் சட்டையைப் பிடித்து, 'ஏலே, நீயும் களவாணிதானா' என்று கத்தியிருக்கிறார். அந்த ஆள் அழாத குறையாக, பெட்ரோல் பங்கில் பிடித்த டீசலை இன்றைக்குத்தான் உங்கள் கண் முன்னாலேயே ஊற்றினேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில்தான் பிலோமி அக்காள் முன்னால் வந்திருக்கிறார்கள். 'அவனை விடுங்க. நான்தான் ஊத்துனேன்' என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள்.

என்ன ஊற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுக்கிற தீர்த்தம். வெள்ளிக்கிழமை தோறும் விடியும் முன்னால் ஒரு குப்பித் தீர்த்தத்தை ஜெபம் சொல்லி டாங்கிக்குள் விட்டிருக்கிறார்கள். தசராச் சமயத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்று தினமும் விட்டிருக்கிறார்கள். தண்ணீர்தானே அக்கா, இஞ்சினைக் கெடுக்காதா என்று கேட்டேன். 'சாமி தண்ணி எப்படிளா கெடுக்கும்? நாங்க காய்ச்சலுக்கே அதைத்தான் குடிக்கோம்' என்று அந்த நேரத்திலும் எனக்குப் பதில் சொல்கிறார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அத்தான், டீசல் விஷயத்தில் நீங்கள் பண்ணின கூத்தெல்லாம் அப்போது ஞாபகம் வந்தது. ஒருநாள் நானும் ஐஸ்வர்யாவும் கரைக்குச் சோறு கொண்டுவந்தோமே. பசியோடு நின்றவர் சோற்றுப் பக்கம் திரும்பவில்லை. காற்று மணலை வாரிக்கொண்டு வருகிறது என்று டிராக்டரைத் திருப்பி நிறுத்தி, மூடியைச் சுற்றித் துடைத்து, அதன் பிறகுதான் திறந்தீர்கள். பிள்ளை பாவாடையை உதறினாள் என்று அவளைப் பத்தடி தள்ளிப் போகச் சொன்னீர்கள். பீப்பாயின் அடி டீசலைத் தொடவே மாட்டீர்கள். ராத்திரி டாங்கி காலியாகக் கிடந்தால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் கட்டும் என்று சாயங்காலமே நிரப்பி வைப்பீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பஞ்சு பிரியாத துணி வேண்டும் என்று நம் கல்யாணப் பட்டு வேட்டியைக் கிழித்து வடிகட்டினீர்களே! வீட்டில் காபி வடிகட்டக் கிழிந்த துணி, டிராக்டருக்குப் பட்டு வேட்டியா என்று நான் ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்த மனுஷன் டீசலில் தண்ணீரை ஊற்றுவாரா என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? கரைக்காரர்களை விடுங்கள். எனக்கு ஏன் தோன்றவில்லை?

பிலோமி அக்காள் இன்னும் சொன்னார்கள். எப்போதோ ஒருநாள் நீங்கள் அவர்களிடம், 'அக்கா, தீர்த்தத்தை வண்டிக்கு வெளிய தெளிச்சா அந்தோனியார் ஏத்துக்கிட மாட்டாரா' என்று கேட்டீர்களாம். 'வெளிய தெளிச்சா உப்புக் காத்துல காஞ்சு போகும்லா, உள்ள கெடக்கணும்' என்று அவர்கள் சொன்னார்களாம். நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்களாம். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு கரையில் சிலுவை நட்ட குருசடிக்குப் பக்கத்தில் நின்ற நித்தியகல்யாணிச் செடி. அதன் தூரில் நீங்கள் காலையில் என்னவோ ஊற்றுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இந்துப் பையன் நம்ம குருசடிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறானே என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். செடி கருகிப் போனதும், 'என்னத்தலே ஊத்தித் தொலைச்ச' என்று உங்களை ஏசியும் இருக்கிறார்கள்.

மெக்கானிக் டாங்கியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரைக் கேனில் இறக்கிக் காட்டினபோதுதான் எல்லாம் விளங்கியிருக்கிறது. அவர்கள் ஊற்ற ஊற்ற, நீங்கள் காலையில் அந்தத் திருகைத் திறந்து இறக்கியிருக்கிறீர்கள். கேனில் தெளிய வைத்து, மேலே நிற்கும் டீசலை வேட்டித் துணியில் வடித்துத் திரும்ப டாங்கியில் விட்டிருக்கிறீர்கள். அடியில் நிற்கும் தீர்த்தத்தைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, கால் படக் கூடாது என்று குருசடியில் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறீர்கள். திருட்டு டீசல் என்று சொன்னார்களே, அந்தக் கேன் இதுதான்.

இவ்வளவும் எதற்கு அக்கா ஊற்றினீர்கள் என்று கேட்டேன். டிராக்டர் நன்றாக ஓடவா, வள்ளத்துக்கு மீன் படவா என்றேன். அதற்கு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'எங்க ஆளுகளுக்கு நீச்சல் தெரியும்ளா. கடல் தூக்கிப் போட்டாலும் கரைக்கு வந்துருவான். உம் மாப்பிள தண்ணி காணாத தேரிக்காட்டுல பொறந்தவன், முட்டளவு தண்ணியில விழுந்தாலும் எந்திக்கத் தெரியாது. அவன் டிராக்டரை அலைக்குள்ள எறக்கும்போதெல்லாம் எனக்கு ஈரக்குலை நடுங்கும். அவனுக்காவத்தான் ஊத்த ஆரம்பிச்சேன், அவன் இல்லாதப்பவும் விட மனசு வரல.' உங்கள் பேரைச் சொல்லித்தான் ஜெபம் சொல்வார்களாம். நீங்கள் ஷெட்டுக்குள் படுத்தபடி அதைக் கேட்டிருப்பீர்கள். கேட்டதால்தானே வாயைத் திறக்கவில்லை?

உங்கள் மேலும் எனக்கு வருத்தம் இருக்கிறது. முதல் நாளே முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அக்காள் மனசு நோகும் என்று மூடி மூடி வைத்ததில் ரெக்சன் தோளும் வள்ளமும் போயின. லீவு போகும்போது முத்தையாபுரத்துக்காரர் காதில் ஒரு வார்த்தை, அந்தத் திருகைத் தினமும் திற என்று போட்டிருக்கலாமே. இதை நான் சொல்லவில்லை என்றால் வேறு யார் உங்களிடம் சொல்வார்கள்? கேனைத் தூக்கிக் காட்டி அத்தனை பேர் கத்தினபோது நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால், வள்ளம் உடைந்த பழி முழுக்க அக்காள் தலையில் விடிந்திருக்கும். அதற்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டீர்கள் என்று இப்போது புரிகிறது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்க் கரையில் நின்று சத்தம் போட்டிருப்பேன் என்று பயந்தீர்கள். உண்மைதான், போட்டிருப்பேன்.

ஆனால் நான் செய்தது அதைவிடப் பெரிய பாவம். அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் காக்கிக் கால்சட்டையோடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தீர்கள். கேனில் எதற்கு டீசல் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். 'விடு செல்வி' என்றீர்கள். திரும்பவும் கேட்டேன், பேசவில்லை. பதில் இல்லாத ஆள் குற்றவாளிதான் என்று எனக்குப் பட்டுவிட்டது. எடுக்கலைன்னா பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க என்று கத்தினேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை என்ன நினைத்தாளோ, நோட்டை மூடிவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து தலையைக் குனிந்து நின்றாள். நீங்கள் அவளையும் பார்த்தீர்கள், என்னையும் பார்த்தீர்கள். பிறகு எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் பையில் வைத்தீர்கள். நான் தடுக்கவில்லை. அவள் இன்றைக்கும், அப்பா ஏன் என் தலையில் கை வைக்கவில்லை என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை அத்தான்.

பிலோமி அக்காள் போகும்போது, கரையில் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். ரெக்சனே கட்டுப் போட்ட தோளோடு, அவன் வரட்டும் என்றிருக்கிறான். செபாஸ்டின் அண்ணாச்சி உங்கள் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட முகமில்லாமல் இருக்கிறார். டீக்கடைக்கு நானே போய் அவரைக் கூப்பிட்டு வந்து சோறு போட்டேன். மனுஷன் இலையில் கண்ணீர் விழச் சாப்பிட்டார். பழையபடி டிராக்டர் வேலைக்குப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். அதற்காக நான் எழுதவில்லை.

தனராஜ் அண்ணனிடம் இரண்டு பொருள் கொடுத்து விடுகிறேன். ஒன்று அந்த வேட்டித் துணி. நீங்கள் போன கோபத்தில் அதைத் தரை துடைக்கப் போட்டிருந்தேன். இப்போது சோடா போட்டு மூன்று தடவை அலசி மடித்திருக்கிறேன், டீசல் வாடை போகவில்லை, போகவும் வேண்டாம். இன்னொன்று அக்காள் கொடுத்த தீர்த்தக் குப்பி. உங்களிடம் சேர்க்கச் சொல்லி என் கையைப் பிடித்துக் கொடுத்தார்கள். முத்தாரம்மன் படத்துக்கு முன்னால் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புகிறேன். தயவு செய்து அதை எந்த டாங்கியிலும் விடாதீர்கள். உங்கள் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் அத்தான். இருப்பதும் திரும்பிப் போவதும் பிறகு பேசிக்கொள்ளலாம். வந்தால் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். வந்ததும் முதலில் பிள்ளை தலையில் கையை வையுங்கள். சத்தியத்துக்கு இல்லை. சும்மா, அப்பா கை அவள் தலையில் படட்டும்.

கோபம் தீர்ந்த, வெட்கம் தீராத,
உங்கள் இசக்கிசெல்வி