ஏறிப் பார்க்காத சூப்

மார்ச் 3

பூசணிக்காய் சூப். நான்கு ஸ்பூன் குடித்துவிட்டு, போதும் என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். எடை நாற்பத்தொன்று. மாதக் கடைசிக்குள் நாற்பத்து மூன்று வராவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டரம்மா. அதைக் கேட்டதும் அவள் என் கையை இறுகப் பிடித்தாள். அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

லிஃப்டில் எண்ணூறு கிலோ ஏற்றி இறக்கிச் சோதிக்கிற மெக்கானிக் நான். இரண்டு கிலோ ஏற்ற வழி தெரியவில்லை.

மார்ச் 5

ஒரு மாதம் லீவு. வெந்நீர் வைப்பதோடு சரி என் சமையல் அனுபவம். வெளியூரில் இருக்கும் மகள் போனில் சொல்லச் சொல்லச் செய்கிறேன். காலை ஓட்ஸ் கஞ்சி, பதினொன்றுக்கு வாழைப்பழமும் பாலும் அடித்தது, மதியம் குழைந்த சோறும் அவித்த கேரட்டும், மாலை கஸ்டர்ட். கஸ்டர்ட் கட்டிகட்டியாக வந்தது.

"கை விடாம கிண்டணும்னு சொன்னேன்லப்பா!"

கிண்டினேனே. நடுவில் மூக்கு அரித்தது, அவ்வளவுதான்.

எனக்குக் கடை பன்னும் ஆம்லெட்டும். அடுப்புப் பக்கத்திலேயே நின்றபடி முடித்துக்கொள்கிறேன்.

மார்ச் 8

40.8. குறைகிறது.

மார்ச் 9

சண்டை. கையில் வாட்சோடு பக்கத்தில் நின்று, "இன்னும் எட்டு ஸ்பூன்" என்றேன். ஸ்பூனை வைத்துவிட்டாள்.

"நான் என்ன லிஃப்டா? நின்னு செக் பண்ணிட்டிருக்கீங்க?"

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாள் முழுக்க அடுப்படியில வேகுறேன். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"இருபத்திரண்டு வருஷமா நீங்க என்ன சொன்னீங்க? மீன் வறுத்தாலும் பரவாயில்ல, கேக் செஞ்சாலும் பரவாயில்ல."

சுருக்கென்றது. நிஜமாகவே வேறெதுவும் சொன்னதில்லையா நான்?

மார்ச் 10

மதியம் அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"லிஃப்ட சரி பண்ணா, ஆளுங்கள ஏத்துறதுக்கு முன்னாடி யாரு ஏறிப் பாப்பாங்க?"

"நான்தான். அது எங்க வேலையில சட்டம் மாதிரி."

"இந்த சூப்புல ஏறிப் பாத்தீங்களா?"

இல்லை. நோயாளி சாப்பாடுதானே என்று ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. ஒரு ஸ்பூன் குடித்தேன். ஒரே பச்சை வாடை. உப்பே இல்லை. டாக்டரம்மா வேண்டாம் என்றது காரத்தை மட்டும்தான், உப்பை நானாகவே நிறுத்தியிருக்கிறேன். அடப்பாவி, இதையா இத்தனை நாள் குடிக்க வைத்தேன்!

மார்ச் 11

இனி அவளுக்கு என்னவோ அதுதான் எனக்கும். மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். வாட்ச் அலமாரிக்குள் போய்விட்டது. வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, எலுமிச்சை ஜூஸ். பாதித் தட்டு சாப்பிட்டாள்.

மார்ச் 14

சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். "வெங்காயத்த வதக்கிட்டுப் போடுங்க. அது என்ன, ஸ்குரூ முடுக்குற மாதிரியா கிண்டுறது?" திட்டுகிறாள். உடம்பு தேறுகிறது போல.

மார்ச் 17

41.6!

மார்ச் 24

42.5. வேகவைத்த மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். "எனக்குக் கை இருக்கு" என்றாள்.

மார்ச் 30

ஆஸ்பத்திரி. 43.1. குழாய் வேண்டாம். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் கைக்குட்டையை நீட்டி, "லிஃப்ட்காரரு படியில உக்காந்து அழறாரு பாரு" என்றாள்.

மாலை மறுபடி கஸ்டர்ட். சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் கை விடாமல் கிண்டினேன். ஒரு கட்டி இல்லை. மேலே வேகவைத்த ஆப்பிள் துண்டுகள். நானே முதலில் ருசி பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே, "பரவாயில்ல" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முக்கால் மணி நேரம்! என்ன பரவாயில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தன் கிண்ணத்தை வழித்து முடித்துவிட்டு, என் கிண்ணத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.