அட்டைப்பெட்டிக் கட்டில்

ஜூன் 4, வியாழன்

இது என்ன வருஷம் என்று எண்ணாகச் சொன்னால் எனக்கு மனசில் நிற்காது. டவுன் பஸ்ஸுக்கெல்லாம் சிவப்பைச் சுரண்டிவிட்டுப் பச்சை அடித்த வருஷம். மேம்பாலத்தில் சர்க்கரை லாரி கவிழ்ந்து, மூன்று நாள் ரோடு முழுக்க எறும்பாய் மொய்த்த வருஷம். பிப்ரவரியில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததும் இதே வருஷம்தான்.

தினமும் மயக்கம் வந்ததா இல்லையா என்று எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். எனக்கு எழுத்து தெரியாது. ஐம்பது வருஷம் சுவருக்கு வெள்ளையடித்தவன். இதே இரண்டாம் மாடியில் என் எதிர்வீட்டுக்காரர் கோர்ட்டில் நகல் எழுதி ரிடையர் ஆனவர். நான் சொல்கிறேன், அவர் எழுதுகிறார். சொன்னதை மாற்றாமல் எழுதுவார், அது ஒன்றுதான் அவரிடம் உருப்படியான குணம். (இதையும் எழுதுய்யா என்றேன். எழுதுகிறார்.) நான் விழுந்த அன்று குழாயைத் தட்டிய சத்தம் கேட்டு வந்தவரும் அவர்தான். ஒரு காது செவிடு. நல்லவேளை, மற்ற காது சுவர்ப் பக்கம் இருந்தது.

இன்று மயக்கம் இல்லை. மகன் வந்தான். "தனியா இருந்தது போதும்ப்பா. இத வித்துட்டு எங்களோட வந்துருங்க. ஆள் கெடச்சா நீங்க விரல் வச்சா போதும், மத்தத நான் பாத்துக்கறேன்." விழுந்து கிடந்தவனுக்கு வாய் ஏது? வைக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். அவன் வீட்டில் எனக்கு ஒதுக்கிய இடம் ஹாலில், டி.வி.க்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில். போக எனக்கு மனசே இல்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

ஜூன் 6, சனி

மயக்கம் இல்லை. எரிச்சல் உண்டு.

ஜூன் 9, செவ்வாய்

விற்பதற்கு முன்னால் வீட்டுக்கு வேஷம் கட்ட மகன் ஒரு பெண்ணை அழைத்து வந்தான். அதற்கென்றே படித்திருக்கிறாளாம். இருப்பது ஒன்றரை அறை. அதை நாடாவால் அளந்தாள், செல்போனில் படம் பிடித்தாள், மூக்கைச் சுளித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்கிள், பாக்க வர்றவங்களுக்கு இங்க யாரோ குடியிருக்காங்கங்கற நெனப்பே வரக் கூடாது."

"நான் இருக்கனேம்மா."

"அதான் அங்கிள் பிரச்சன."

என் இரும்புக் கட்டில், டிரங்குப் பெட்டி, கை உடைந்த நாற்காலி, நான் செய்த நாலு அடுக்கு ஸ்டூல் எல்லாம் எதிர்வீட்டுக்குப் போயின. நானும் போனேன். விற்கும் வரைக்கும் ராத்தூக்கம் நகல்காரர் வீட்டில். ரம்பம் மாதிரி குறட்டை. தன் குறட்டை தனக்கே கேட்காதபடி நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொள்கிறார், கெட்டிக்காரர்.

ஜூன் 12, வெள்ளி

இரண்டு பேர் சுவருக்கு வர்ணம் அடிக்க வந்தார்கள். வர்ணத்தின் பேர் 'மேகம்' என்றாள் அந்தப் பெண். சாம்பல் என்று சொல்லத் துப்பில்லை. ஜன்னலுக்குக் கீழே ஈரம் ஏறிய இடம் இருக்கிறது, முழ அகலம். அதைச் சுரண்டி, காய விட்டு, பட்டி பார்த்து, அப்புறம்தான் கை வைக்க வேண்டும். இவர்கள் ஈரத்தின் மேலேயே உருளையை உருட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். இரண்டு மழைக்கு அம்மை போட்ட மாதிரி கொப்புளிக்கும்.

நானும் விற்கிற வீட்டுக்கு அடித்தவன்தான். எத்தனை பேருடைய ஈரத்தை மூடியிருக்கிறேன்! ஆனால் சுரண்டாமல் மூடியதில்லை. பொய் சொன்னாலும் அதில் ஒரு ஒழுங்கு வேண்டாமா?

ஜூன் 15, திங்கள்

இன்று கட்டில் வந்தது. கட்டில் என்றா சொன்னேன்? பத்து அட்டைப்பெட்டி. அடுக்கி, மேலே ஒரு பஞ்சு விரிப்பு, அதற்கு மேலே வெள்ளை உறை, அதற்கும் மேலே ஏழு தலையணை. நிஜக் கட்டில் போட்டால் அறை சின்னதாகத் தெரியுமாம். அதனால் நாலரை அடி நீளத்தில் ஒரு பெட்டிக் கட்டில்.

"இதுல யாரும்மா படுப்பா?"

"யாரும் படுக்க மாட்டாங்க அங்கிள். பாக்கத்தான்."

பிறகு புத்தகம். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய நாற்பது புத்தகம். அட்டையின் நிறம் பார்த்து அடுக்கினாள், பச்சை ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். அவள் போனதும் நகல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். பச்சை பதினொன்றும் கோழி வளர்ப்பு. ஒரே புத்தகம், பதினொரு தடவை. நீலம் முழுக்க ஏதோ ஆலையின் வருஷக் கணக்கு. கைநாட்டு வீட்டில் நூலகம் வைத்துவிட்டார்கள். சிரித்துச் சிரித்து நகல்காரருக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். இல்லையென்றால் அந்தப் பெட்டியிலேயே படுக்க வைத்திருக்க வேண்டும்.

ஜூன் 16, செவ்வாய்

மயக்கம் இல்லை. என் வீட்டுக்குள் போக நானே செருப்பைக் கழற்றி, காலைத் துடைக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 20, சனி

முதல் ஆட்கள். காலேஜ் வாத்தியாரும் மனைவியும். மூலையில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்று மகன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். நான் திறக்கவில்லை. அந்த வாத்தியார்தான் வந்து கேட்டார்.

"ஐயா நெறைய வாசிப்பீங்க போல?"

மரியாதையாகக் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா? "பச்ச அட்டையெல்லாம் முடிச்சாச்சு தம்பி. இப்ப நீலம்" என்றேன்.

அவர் ஒன்றை உருவினார். வைத்தார். பக்கத்தில் இருந்ததை உருவினார். மூன்றாவதையும் உருவிவிட்டு மனைவியைப் பார்த்தார். "கோழிய எங்க வளக்கறீங்க?" என்று கேட்டாள் அந்த அம்மா. போய்விட்டார்கள்.

"உங்களுக்கு விக்கணும்ங்கற எண்ணமே இல்லப்பா" என்றான் மகன். இல்லைதான். அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாளா?

ஜூன் 24, புதன்

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருத்தன் குழாயைத் திறந்து பார்க்காமல் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு போனான். அவனுக்கு அந்தக் கண்ணாடியை மட்டும் விற்றிருக்கலாம்.

ஜூன் 27, சனி

பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். ஆறடி ஆள், நூறு கிலோ இருப்பார். வந்த வேகத்தில், "அப்பாடா" என்று கட்டிலில் உட்கார்ந்தார். அந்தப் பெண் "சார்" என்று கத்துவதற்குள் பத்துப் பெட்டியும் படுத்துவிட்டன. மனிதர் தரையில், மடியில் ஏழு தலையணை. மகனுடைய முகத்தில் அந்தப் பெண் சொன்ன 'மேகம்' அப்படியே ஏறியது.

நான் போய்க் கை கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனார். "பெரியவரே, அது எங்க டிப்போதானே?"

"ஆமா. நாலு மணிக்கு மொத வண்டி கெளம்பும். சத்தம் வரும்."

"அந்த வண்டிய எடுக்கறதே நான்தான்" என்றார். அப்புறம் ஜன்னலுக்குக் கீழே கட்டை விரலால் ஒரு தட்டு. "ஈரமா?" "ஈரம்தான்." "பாத்துக்கலாம்."

வீடு பிடித்துவிட்டது அவருக்கு. டிப்போ இரண்டு நிமிஷ நடை என்பதற்காக. மேகத்துக்கோ புத்தகத்துக்கோ இல்லை. வெறும் தரையாகக் கிடந்திருந்தாலும் வாங்கியிருப்பார். அப்புறம் எதற்கு இந்தக் கூத்து? அந்தப் பெண், "பாத்தீங்களா அங்கிள், பிரசன்டேஷன்" என்றாள். இவளையெல்லாம் எந்தப் பட்டி போட்டு அடைப்பது?

சிரிப்பு அடங்கியதும்தான் உறைத்தது. ஆள் கிடைத்துவிட்டார். இனி விரல் வைக்க வேண்டும்.

ஜூன் 28, ஞாயிறு

மயக்கம் இல்லை. நகல்காரர் ராத்திரி குறட்டை விடவில்லை. அவரும் தூங்கவில்லை என்று அர்த்தம்.

ஜூலை 2, வியாழன்

பத்திர ஆபீஸ். விரல் வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி. வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தேன், சிவப்பு. இடது கை, சிவப்பு. எண்ணெய் தடவி, தண்ணீர் தொட்டு, எட்டு தடவை.

"பெரியவரே, விரல்ல கோடே இல்லையே" என்றார் அங்கிருந்த குமாஸ்தா.

எப்படி இருக்கும்? சுண்ணாம்பு தின்ற விரல். வீடு வாங்கிய காலத்துப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதில் என் கைநாட்டு மைக் கறையாக இருக்கிறது, புளியங்கொட்டை மாதிரி. அது யார் விரலாகவும் இருக்கலாம்.

அதிகாரி மகனிடம் சொன்னார். "இவர்தான் அவர்னு ஒருத்தர் வந்து எழுதிக் கொடுக்கணும். சொந்தக்காரங்க கூடாது. வீடு வாங்கின காலத்துலேர்ந்து தெரிஞ்சவரா இருக்கணும்."

மகன் என்னைப் பார்த்தான். வெளியே வந்ததும், "யாரப்பா இருக்கா?" என்றான். யோசிக்கணும் என்றேன்.

ஜூலை 3, வெள்ளி

நகல்காரரிடம் மகன் நேராகவே போய்க் கேட்டிருக்கிறான். இவர் கேட்காத காதைக் காட்டியிருக்கிறார். அவன் சுற்றிவந்து மற்ற காதில் கேட்டானாம். "உங்கப்பன் வாயால கேக்கட்டும். அன்னிக்கு வரேன்" என்றாராம்.

இப்போது எழுதும்போது நானே கேட்டேன், "ஏன்யா அப்படிச் சொன்ன?" பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "நாப்பது வருஷமா எவன் எவனுக்கோ சாட்சி எழுதினத நகல் எடுத்தவன் நான். என் சொந்தச் சாட்சி ஒண்ணுகூட எழுதினதில்ல. அத இவன் கேட்டா போடணுமா? நீ கேளு, போடறேன்."

ஜூலை 8, புதன்

மயக்கம் இல்லை. அந்தப் பெண் வந்து தலையணைகளை எண்ணி எடுத்துப் போனாள். வேறு வீட்டுக்கு வேண்டுமாம். புத்தகம் வேண்டாமாம். இரும்புக் கட்டிலை நானும் நகல்காரரும் இழுத்து வந்து பழைய இடத்தில் போட்டோம். சும்மா, அறை காலியாகக் கிடக்கிறதே என்று.

ஜூலை 11, சனி

மகன் போன் பண்ணினான். "கேட்டீங்களாப்பா?"

"இன்னும் இல்ல."

"வாக்குக் குடுத்தீங்க."

"விரல் வக்கிறேன்னு குடுத்தேன். எட்டுத் தடவ வச்சேன். யாரையும் கேக்கறேன்னு குடுக்கலையே."

 அப்புறம், "மறுபடி விழுந்தா?" என்றான். அது நியாயமான கேள்வி. குழாயைத் தட்டுவேன் என்றேன். வீடு விற்பதற்கில்லை என்று பஸ்காரருக்கு அவனே சொல்லிவிட்டான். டிப்போவுக்குப் பின்னால் வேறு வீடு பார்க்கிறாராம், நல்ல மனிதர், கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மகன் போனை வைத்தான். குரலில் காரம் குறைந்திருந்தது.

அதிகாரி கேட்ட கேள்வியை மட்டும் நேற்று ராத்திரி படுத்துக்கொண்டே மாடி மாடியாக ஏறிப் பார்த்தேன். நான் வாங்கியபோது என்னைத் தெரிந்தவர்கள். கட்டடம் கட்டினவர் முதலில் போனார், பெரிய புயலில் தண்ணீர்த்தொட்டி பறந்த வருஷம். கீழே இடப்பக்கம் கம்பவுண்டர், காசுக்கு நிறம் மாறிய வருஷம். வலப்பக்கம் தந்தி ஆபீஸ்காரர், மகளோடு வெளிநாடு போய், அங்கேயே. முதல் மாடியில் இட்டிலித் தட்டு மாதிரி முகம் இருந்த கணக்குப்பிள்ளை, அவர் மனைவி, ஒரே மாசத்தில். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மேஸ்திரி, சாரத்திலிருந்து விழுந்து. என் வீட்டுக்காரி, நாலு வருஷம் ஆகிறது. இரண்டாம் மாடியில் மிச்சம் ஒரே ஒரு வாசல். சுகர் இருக்கிறது, ஒரு காது இல்லை, குறட்டை இருக்கிறது, ஆள் உயிரோடு இருக்கிறார்: எதிர்வீட்டு நகல்காரர்.