முள்ளெலி இருக்கும் பதினான்கு இடங்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் ஆட்டை ஓட்டிப்போனபோது சோளக்காட்டு வரப்பில் ஒரு முள்ளெலி. பந்தாகச் சுருண்டு கிடந்தது. படம் எடுத்து, இடத்தையும் குறித்து, மதுரையில் முள்ளெலிக் கணக்கெடுப்பு நடத்தும் சரண்யாதேவிக்கு அனுப்பினேன். எழுமலையைச் சுற்றி நான் அனுப்பியதில் இது பதினான்காவது இடம். "நீங்க அனுப்பலன்னா இந்தப் பக்கம் இருக்குன்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க" என்றாள். கல்யாணமாகி இங்கே வந்த ஐந்து வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

பிப்ரவரி 9

பாப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது கூவுகிற மாதிரி ஒரு சத்தம். கக்குவான் என்கிறார் மாமியார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? முள்ளெலி முள்ளச் சுட்டுத் தேன்ல குழைச்சுக் குடுத்தா நின்னுரும்."

பிப்ரவரி 10

வீட்டுக்காரர் கேட்டார்: "எங்கெங்க இருக்குன்னு ஓன் போன்ல இருக்குல்ல. ஒண்ணக் காட்டு."

தெரியாது என்றேன்.

"பெத்த பிள்ளையவிட அது பெருசாப் போச்சா?"

பாப்பா இருமிக்கொண்டே இருந்தாள். காட்டினேன்.

ஏன் காட்டினேன் —

பிப்ரவரி 11

ஒன்று என்றுதான் சொன்னார். சாக்கில் மூன்று. மற்ற இரண்டும் தெருக்காரர்களுக்காம். அடுப்படியை விட்டு நான் வெளியே வரவே இல்லை.

பிப்ரவரி 13

மருந்து கொடுத்து இரண்டு நாள். இருமல் கூடியிருக்கிறது. இன்னும் பொறு என்கிறார்கள். எம்புட்டுத்தான் பொறுக்க?

பிப்ரவரி 14

காலையில் இருமலில் உதடு நீலமாகிவிட்டது. தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மாமியார் வாசலில் மறித்தார், விலக்கிவிட்டு நடந்தேன். பஸ் ஸ்டாப் வருவதற்குள் பின்னாலேயே வீட்டுக்காரருடைய பைக். "ஏறு" என்றார். நேரே உசிலம்பட்டி ஆஸ்பத்திரி. பாப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறதாம். அதுவும் என் தப்புதான்.

பிப்ரவரி 20

வீட்டுக்கு வந்துவிட்டோம். இருமல் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், பயமில்லை என்றார் டாக்டர். முள்ளெலி மருந்துதான் காப்பாற்றியது என்று மாமியார் தெருவெல்லாம் சொல்கிறார். வீட்டுக்காரர் குனிந்து சோற்றைப் பிசைகிறார். நான் சொன்னா யாரு கேக்கப்போறா.

பிப்ரவரி 22

சரண்யாதேவிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று செத்தன, இடம் காட்டியது நான். மாலையில்தான் பதில் வந்தது: "மறைக்காமச் சொன்னீங்களே. இனி அந்த இடமெல்லாம் வெளியில யாருக்கும் தெரியாது. உங்க போன்லயும் அழிச்சிருங்க."

அழித்தேன். ஆனால் கண்ணை மூடினால் எல்லா வரப்பும் தெரிகிறது.

பிப்ரவரி 27, வெள்ளி

பக்கத்து வீட்டு முனீஸ்வரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அதே இருமல்.

"எந்தக் காட்டுலன்னு மட்டும் சொல்லுங்கக்கா. அவரு பிடிச்சுக்கிருவாரு."

"சொல்லு, புண்ணியமாப் போகும்" என்றார் மாமியார்.

"இரு, சேலை மாத்திட்டு வாரேன்" என்றேன். ஒன்பதே முக்கால் பஸ்ஸில் பிள்ளையோடு முனீஸ்வரியும் நானும் உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அடுத்த தெருப் பெண் ஒருத்தி பிள்ளையோடு வாசலில் நின்றாள். இவளுக்கும் இடம்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

"நாளைக்கும் அந்த டாக்டர் இருப்பாராக்கா?" என்று கேட்டாள்.